மயக்கம் என்ற ஒரு சொல்: சர்க்கரையா, பொட்டாசியமா?

அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நாங்கள் நாள்தோறும் கேட்கும் சொற்களுள் முதலிடம் பெறுவது "மயக்கம்" என்பதாகும். "அம்மாவுக்குக் காலையிலிருந்து மயக்கமாக இருக்கிறது" என்று மகன் கூறுவார். இச்சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. தலை சுற்றுவதையும் மயக்கம் என்கிறோம். கண் இருண்டு வருவதையும், கைகால் தளர்ந்து எழ இயலாமற் போவதையும், கூப்பிட்டால் பதில் சொல்லாமல் அரைக்கண்ணுடன் கிடப்பதையும், முற்றிலும் நினைவிழப்பதையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். மருத்துவருக்கோ இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயைச் சுட்டும் செய்திகள். அதனால்தான் "மயக்கம் என்றால் சரியாக என்ன செய்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். பதற்றத்துடன் ஓடிவந்த குடும்பத்தினருக்கு அக்கேள்வி எரிச்சலூட்டுவது இயல்பே. எனினும் அதற்குக் கிடைக்கும் விடை, சில வேளைகளில், முதல் இரத்தப் பரிசோதனைக்கு நிகரான பயனைத் தருகிறது.

மயக்கத்துக்குரிய காரணங்களுள் இரத்தச் சர்க்கரை குறைதல், அது மிகுதல், பொட்டாசியம் குறைதல் ஆகிய மூன்றை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். மூன்றிலும் அசதியும் தளர்ச்சியும் படபடப்பும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் இவற்றுள் இரண்டு சேர்ந்து வருவதுண்டு. ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சையே மற்றொன்றை வரவழைப்பதும் உண்டு. ஆனால் வீட்டில் இருப்போர் செய்யவேண்டியது மூன்றுக்கும் ஒன்றன்று. சர்க்கரை குறைந்தால் வீட்டிலேயே, அந்த நிமிடமே, இனிப்பைக் கொடுத்தாக வேண்டும். பொட்டாசியம் குறைந்திருக்குமோ என்று தோன்றினால், கைவைத்தியம் எதுவும் செய்யாமல் மருத்துவமனைக்கு வரவேண்டும்.

சர்க்கரை குறையும்போது

இரத்தச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். மக்கள் வழக்கில் "லோ சுகர்". 54-க்குக் கீழே சென்றால் அது உடனடி ஆபத்து. மூளை தனக்கென்று சர்க்கரையைச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு நிமிடமும் இரத்தம் கொண்டுவந்து தருவதையே நம்பியிருக்கிறது. ஆகவே அளவு இறங்கத் தொடங்கியதும் உடல் அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரந்து கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குளிர்ந்த வியர்வை பெருகும், அடங்காத பசி எடுக்கும். இந்த மணியோசையைக் கேட்டும் எவரும் இனிப்புக் கொடுக்கவில்லையெனில், அடுத்து மூளையே தடுமாறும். பேச்சு குழறும், பார்வை மங்கும், எப்போதும் அமைதியாக இருப்பவர் காரணமின்றிச் சினந்து கத்துவார், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விழிப்பார். முதியவர்களிடம் ஒரு பக்கக் கைகால் மட்டும் செயலிழந்து, பக்கவாதம் என்றே நம்பும்படியான தோற்றம் ஏற்படுவதும் உண்டு. பக்கவாதம் என்று அழைத்துவரப்படும் எவருக்கும் நாங்கள் முதலில் விரல்நுனியில் ஊசி குத்திச் சர்க்கரையைப் பார்ப்பது இதனால்தான்.

இது யாருக்கு வரும்? இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்குமே பெரும்பாலும் வருகிறது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிது. மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தள்ளிப்போடுவதே முதன்மைக் காரணம். கோயில் வரிசையிலும், முகூர்த்த நேரத்துக்காகக் காத்திருக்கும் திருமண மண்டபத்திலும், நோன்பு நாளிலும் இது நேர்கிறது. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்காக ஆய்வகத்தின் முன் அமர்ந்திருப்போரிடமும் நேர்கிறது. வழக்கம்போல விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றுடன் பேருந்தேறி வந்து, எட்டரை மணிவரை காத்திருப்பார்கள். உணவுக்கு முன் எடுக்கவேண்டிய மாத்திரையையும் இன்சுலினையும் வரும்போது பையில் எடுத்து வாருங்கள். இரத்தம் கொடுத்தபின் காலை உணவோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்தவருக்கு மருந்து உடலைவிட்டு மெதுவாகவே வெளியேறும். ஆண்டுக்கணக்கில் ஒத்துக்கொண்ட அதே அளவு மருந்து ஒருநாள் மிகையாகிவிடும். "சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது, மருந்தே தேவைப்படவில்லை" என்று ஒருவர் மகிழ்ந்து சொல்லும்போது அவருடைய சிறுநீரகத்தை நாங்கள் பரிசோதிப்பது இதனை எண்ணியே. வெறும் வயிற்றில் மது அருந்தினால், கல்லீரல் சர்க்கரையை உருவாக்கி வெளிவிடுவது தடைப்படுகிறது.

தாழ்சர்க்கரைக்குரிய மருந்து அடுப்படியிலேயே இருக்கிறது. நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால், சுமார் 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குளுக்கோஸ் பொடி இருந்தால் இன்னும் நன்று. 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். 70-க்கு மேல் ஏறவில்லையென்றால் இன்னொருமுறை கொடுங்கள். ஏறியபின் இரண்டு இட்டலியோ, ஒரு பிடி சோறோ உண்ணச் செய்யுங்கள். மிட்டாய்க் கடை இனிப்பும் சாக்லேட்டும் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்ளிபோஸ் ஆகிய மாத்திரைகளை எடுப்பவர் மற்றொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மருந்துகள் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைபடுவதையே தடுக்கின்றன. ஆகவே அவருக்கு வெள்ளைச் சர்க்கரை விரைந்து பயன்தராது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையில் இப்பெயர்கள் உள்ளனவா என்பதை இன்றே பார்த்துக்கொள்ளலாம். பல மாத்திரைகளில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் இவற்றோடு சேர்ந்தே வருகின்றன.

"சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையைக் கொடுப்பதா?" என்று தயங்கி நிற்கும் குடும்பங்களை நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம். அத்தயக்கத்தில் கழியும் அரைமணி நேரம், அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்ட சர்க்கரையைவிடப் பன்மடங்கு தீங்கானது. அளக்கும் கருவி கையில் இல்லையென்றாலும், மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் நீரிழிவு நோயாளி வியர்த்து நடுங்கித் தடுமாறினால், அதைத் தாழ்சர்க்கரை என்றே கொண்டு இனிப்பைக் கொடுங்கள். சர்க்கரை ஏற்கெனவே மிகுந்திருந்தால் மூன்று தேக்கரண்டியால் அந்நேரத்தில் பெருந்தீங்கு ஏதும் நேர்ந்துவிடாது. குறைந்திருந்தாலோ, அதுவே உயிரைக் காக்கும்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குள் சென்று மூச்சை அடைக்கும். அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ புரோப்ரனலால், மெட்டோப்ரலால், அட்டினலால் போன்ற மருந்துகளை எடுப்பவரிடம் நடுக்கமும் படபடப்பும் வெளிப்படாமல் போகலாம். வியர்வை மட்டுமே அடையாளமாக எஞ்சும். மற்றொன்று, கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளால் வரும் தாழ்சர்க்கரை ஒருமுறை சரியானபின் மீண்டும் இறங்கக்கூடியது. "இனிப்புக் கொடுத்தோம், எழுந்து உட்கார்ந்துவிட்டார், இனி எதற்கு மருத்துவமனை?" என்று எண்ணி வீட்டிலேயே தூங்க வைத்துவிடாதீர்கள். முதியவராகவோ சிறுநீரக நோயாளியாகவோ இருந்தால் ஒருநாளாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை மிகும்போது

இதுபற்றி வாசகர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பதால் சுருக்கமாகவே கூறுகிறோம். தாழ்சர்க்கரை நிமிடங்களில் வீழ்த்துவது. உயர்சர்க்கரை பெரும்பாலும் நாட்கணக்கில் வளர்ந்து வருவது. தாகம், அடிக்கடி சிறுநீர், வறண்ட நாக்கு, மங்கிய பார்வை, பிறகு சோர்வு. உடலில் இன்சுலின் ஏறக்குறைய இல்லாமற்போனால், கொழுப்பு எரிந்து அமிலப் பொருள்கள் இரத்தத்தில் தேங்கும். அப்போது வயிற்றுவலி, வாந்தி, ஆழ்ந்த பெருமூச்சு ஆகியவை தோன்றும். மூச்சில் பழம் கனிந்தது போன்ற வாடை வீசும். முதல் வகை நீரிழிவு உள்ள சிறாருக்கு வயிற்றுவலி என்றால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். முதியவர்களிடம் அளவு 600-ஐயும் தாண்டி, உடலின் நீர்வளம் முழுவதும் வற்றி, தூங்கிக்கொண்டே இருப்பது போன்ற நிலை ஏற்படும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை எடுப்போருக்கு, சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே மேற்சொன்ன அமிலத் தேக்கம் வரக்கூடும். வாந்தியும் பெருமூச்சும் இருந்தால் கருவி காட்டும் எண்ணைப் பார்த்து ஆறுதல் கொள்ளவேண்டாம்.

பொட்டாசியம்: செல்லுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு

சர்க்கரையை அறியாதவர் இல்லை. பொட்டாசியத்தையோ, ஆய்வக அறிக்கையில் அதன் எண்ணுக்கு அருகே அம்புக்குறியோ நட்சத்திரமோ இடப்பட்டிருக்கும் அன்றுதான் பலரும் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். இது நாம் உண்ணும் காய், கனி, கீரை, பருப்பு அனைத்திலும் உள்ள ஓர் உப்புச்சத்து. உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியே இரத்தத்திலும் பிற நீர்மங்களிலும் இருப்பது 2 சதவீதம்தான். ஒவ்வொரு செல்லின் சுவரிலும் உள்ள ஒரு நுண்ணிய இறைப்பான், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் யென்சு ஸ்கோ 1957-இல் இதனைக் கண்டறிந்தார். 1997-ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. உள்ளே மிகுதி, வெளியே சிறிது என்ற இந்த வேறுபாட்டால்தான் நரம்பில் மின்னோட்டம் பாய்கிறது, தசை சுருங்குகிறது, இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது.

இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. 3-க்கும் 3.5-க்கும் இடையே இருந்தால் பலருக்கு எந்த அறிகுறியும் இராது. 3-க்குக் கீழே தசைகள் தளரத் தொடங்கும். 2.5-க்குக் கீழே ஆபத்து.

அறிகுறிகள் எவை? தொடைத் தசைகளே பெரும்பாலும் முதலில் சொல்கின்றன. தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. படியேறும்போது கால் கனக்கும். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். குடலும் தசையால் ஆனதுதான். அது தளரும்போது வயிறு உப்பி மலச்சிக்கல் உண்டாகும். நெஞ்சில் ஒரு துடிப்பு தவறியது போலத் தோன்றும். நெடுநாள் குறைவால் சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கும் திறனை இழந்து, அடிக்கடி சிறுநீரும் தாகமும் வரும். இதைச் "சர்க்கரை ஏறிவிட்டது" என்று தவறாக எண்ணுவோர் பலர். மிகவும் குறைந்துவிட்டால் கைகால் முற்றிலும் அசையாது. மூச்சுத் தசைகளும் தளரும். இதயத்துடிப்பு ஒழுங்கிழந்து உயிருக்கே ஊறு நேரும்.

தாழ்சர்க்கரையிலிருந்து இதைப் பிரித்தறிய ஓர் அடையாளம் பெரும்பாலும் உதவும். பொட்டாசியம் மட்டும் குறைந்தவரின் அறிவு தெளிவாக இருக்கும். படுக்கையில் அசையாமல் கிடப்பார். ஆனால் தம் பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொல்வார். உடல் வியர்வையில் நனைந்திராது. சர்க்கரை குறைந்தவர் கைகாலை அசைப்பார். பேச்சும் நடத்தையும்தான் தடுமாறும். எனினும் இதை வைத்துக்கொண்டு வீட்டில் முடிவெடுக்க வேண்டாம். சர்க்கரையை ஒரே நிமிடத்தில் விரல்நுனியில் அளந்துவிடலாம். பொட்டாசியத்தை அவ்வாறு வீட்டில் அளக்க வழியில்லை. இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் வேண்டும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் பொட்டாசியத்தை வெளியே கொண்டுசெல்கின்றன. கால் வீக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படும் ஃப்ரூசமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்ற "நீர் மாத்திரைகள்" சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இளைப்புக்கு நெபுலைசரில் வைக்கும் சால்பியுட்டமால் மருந்து, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுகிறது. அம்மருந்தாலேயே கை நடுக்கமும் படபடப்பும் வரும் என்பதால் அவ்வேளையில் குழப்பம் கூடும். மெக்னீசியம் குறைந்திருந்தால், எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் உடலில் தங்காமல் சிறுநீரில் கழிந்துவிடும். "இரண்டு நாளாகக் கொடுக்கிறீர்கள், ஏன் ஏறவில்லை?" என்ற கேள்விக்கு விடை பலவேளைகளில் மெக்னீசியத்தில் இருக்கிறது.

இளம் ஆண்களிடம் காணப்படும் ஒரு நிலை தனியே குறிப்பிடத்தக்கது. இரவு விருந்தில் சோறும் இனிப்பும் வயிறார உண்டு உறங்கியவர், விடியலில் கண்விழிக்கையில் காலை அசைக்க இயலாமல் கிடப்பார். தைராய்டு மிகையாகச் சுரப்பது இதற்கு அடிப்படைக் காரணமாக இருக்கக்கூடும். ஆசிய நாட்டு ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மாவுச்சத்து மிகுந்த உணவு இன்சுலினைப் பெருகச் செய்கிறது. இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்துச் செல்கிறது. முந்தைய நாளின் கடும் உடலுழைப்புக்குப்பின் ஓய்வாகப் படுத்திருக்கும் வேளையிலும் இது வரும். பேய் அறைந்தது என்றோ நரம்பு இழுத்துக்கொண்டது என்றோ காலத்தைக் கழிக்காமல் உடனே கொண்டுவந்தால், பொட்டாசியம் சீரானதும் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் எழுந்து நடக்கிறார்கள்.

இன்சுலின் திறக்கும் இரண்டு கதவுகள்

மேலே கண்ட செய்தியிலேயே சர்க்கரைக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள உறவு வெளிப்பட்டுவிட்டது. இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் அனுமதிக்கிறது என்பது யாவரும் அறிந்தது. அதே நேரத்தில் அது முன்சொன்ன இறைப்பானையும் முடுக்கிவிட்டுப் பொட்டாசியத்தையும் உள்ளே அனுப்புகிறது. இதை அறியாமையால் வார்டில் இருவகைக் கலக்கங்கள் எழுகின்றன.

முதலாவது, உயர்சர்க்கரையும் அமிலத்தேக்கமும் கொண்டு அனுமதிக்கப்பட்டவரின் குடும்பத்தில். "வந்தபோது பொட்டாசியம் 4.8 என்று இயல்பாகத்தானே இருந்தது? இங்கே வந்தபின் 3 ஆகிவிட்டதே, என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. நாட்கணக்கில் சிறுநீரில் பொட்டாசியம் கழிந்து, உடலின் இருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கிறது. ஆனால் இன்சுலின் இல்லாததால் செல்லுக்குள் இருந்தது வெளியே கசிந்து, இரத்தத்தில் அளவு இயல்பாகத் தோன்றுகிறது. இன்சுலின் செலுத்தியவுடன் அது செல்லுக்குள் திரும்ப, மறைந்திருந்த குறை வெளிப்படுகிறது. இதை எதிர்பார்த்தே சர்க்கரைக்கான சிகிச்சையோடு பொட்டாசியத்தையும் சேர்த்துச் செலுத்தி, சில மணிக்கொருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். பொட்டாசியம் தொடக்கத்திலேயே மிகவும் குறைந்திருந்தால், சர்க்கரை 500 ஆக இருந்தாலும் இன்சுலினைச் சற்று நிறுத்திவைத்து முதலில் பொட்டாசியத்தை ஏற்றுவோம். "சர்க்கரை இவ்வளவு இருக்க, இன்சுலின் போடாமல் இருக்கிறார்களே" என்று அப்போது கலங்க வேண்டாம்.

இரண்டாவது, இதற்கு நேர் எதிரானது. சிறுநீரகம் செயலிழந்து பொட்டாசியம் அபாயகரமாக ஏறியவருக்கு, அவருக்கு நீரிழிவே இல்லாதிருந்தும், குளுக்கோஸும் இன்சுலினும் சேர்த்துக் கொடுப்போம். பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து செல்லுக்குள் விரைந்து அனுப்பவே அது. அதன்பின் அடுத்த சில மணி நேரத்துக்குச் சர்க்கரை தாழக்கூடும். அவ்வேளையில் உடனிருப்போர் நோயாளி வியர்ப்பதையோ உளறுவதையோ கண்டால், செவிலியரை உடனே அழையுங்கள். "தூங்கட்டும்" என்று விட்டுவிட வேண்டாம்.

பொட்டாசியம் குறைந்தால் கணையம் இன்சுலினைச் சுரப்பதும் மந்தமாகிறது. நீர் மாத்திரை தொடங்கியபின் சிலருக்குச் சர்க்கரை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். உணவில் மாற்றமில்லாதபோதும் சர்க்கரை ஏறினால், அண்மையில் சேர்க்கப்பட்ட மருந்துகளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சொட்டு ஏன் மெதுவாக இறங்குகிறது

பொட்டாசியம் கலந்த நரம்புவழித் திரவம் ஏறும்போது உடனிருப்போர் படும் பொறுமையின்மையை நாங்கள் அறிவோம். பாட்டில் பாதிகூட இறங்கியிராது. பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். சிலர் நல்லெண்ணத்துடன் குழாயிலுள்ள சக்கரத்தைத் தாமே திருப்பிச் சொட்டின் வேகத்தைக் கூட்டுகிறார்கள். அன்புகூர்ந்து அதைச் செய்யாதீர்கள். நாங்கள் பயன்படுத்தும் ஓர் ஆம்பியூலில் 20 மில்லிமோல் பொட்டாசியம் உள்ளது. பொது வார்டில் மணிக்குச் சுமார் 10 மில்லிமோலுக்கு மேல் செலுத்துவதில்லை. ஆகவே ஓர் ஆம்பியூல் உடலில் சேர இரண்டு மணி நேரமாகும். அதைவிட வேகம் தேவையெனில் இதயத்துடிப்பைத் திரையில் பார்த்தவாறே தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் செய்வோம். பொட்டாசியம் விரைந்து பாய்ந்தால் இதயம் நின்றுவிடும். கையில் எரிச்சல் எடுத்தாலும் செவிலியரிடம் சொல்லுங்கள், சக்கரத்தைத் தொடவேண்டாம்.

வாய்வழி மருந்தாகத் தரப்படும் பொட்டாசியம் குளோரைடு நீர்மம் சுவையில் சகிக்க முடியாதது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து, உணவுக்குப்பின், சிறிது சிறிதாகப் பருகினால் வயிற்றெரிச்சல் குறையும். மாத்திரை வடிவில் தந்திருந்தால் உடைக்காமலும் மெல்லாமலும் முழுதாக விழுங்குங்கள்.

இளநீரும் வாழைப்பழமும்

பொட்டாசியம் குறைவு என்று சொன்னவுடன் உறவினர் கொண்டுவருவது இளநீரும் வாழைப்பழமும். நடுத்தர அளவுள்ள வாழைப்பழம் ஒன்றில் சுமார் 10 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு. ஓர் இளநீரில் காய்க்குக் காய் வேறுபட்டு ஏறத்தாழ 15. இரத்தத்தில் அளவு ஒரு மில்லிமோல் குறைந்திருந்தால், உடல் முழுவதிலும் 200 முதல் 400 மில்லிமோல் வரை குறைந்திருக்கலாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பெரிய குறையைப் பழத்தால் நிரப்ப இயலாது. சீரானபின் அந்நிலை தொடர்வதற்கு முருங்கைக்கீரை, பருப்பு, சக்கரைவள்ளிக் கிழங்கு, தக்காளி, சாத்துக்குடி ஆகியவை உதவும். நீரிழிவு உள்ளவர் கிழங்கு, பழம், இளநீர் ஆகியவற்றிலுள்ள சர்க்கரையையும் அன்றாட உணவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரக நோயாளிக்கு இதே இளநீர் நஞ்சாகலாம். அவருடைய உடலால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய மருந்துகளும் பொட்டாசியத்தை உடலில் தேக்குபவை. அவற்றை எடுப்போர், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறும் உடையோர், கேளாமல் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடாது. கடைகளில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கப்படும் உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடே. இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை வாங்கும் வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், முதலில் எங்களிடம் கேளுங்கள். பொட்டாசியம் மிகுந்தாலும் தசைத் தளர்ச்சிதான் அறிகுறி என்பதால், தளர்ச்சியை மட்டும் கண்டு குறைவு என்று முடிவுகட்ட இயலாது.

வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். கரைசலே சிறந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும், 20 மில்லிமோல் பொட்டாசியமும் உள்ளன. அதில் சர்க்கரை இருக்கிறதே என்று நீரிழிவு நோயாளிகள் அஞ்சித் தவிர்க்கிறார்கள். அவ்வளவு சிறு அளவைக் கண்டு அஞ்சவேண்டாம், அளந்துகொண்டே பருகலாம். குடல் உப்பை ஈர்த்துக்கொள்ள அந்தக் குளுக்கோஸ் தேவை. பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள அளவு நீர் முழுவதிலும் கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்குரியதை ஒரு தம்ளரில் கரைப்பது கேடு.

புறப்படும்முன்

வீட்டில் ஒருவர் தளர்ந்து விழுந்தால், குளுக்கோமீட்டர் இருப்பின் முதலில் அதை எடுங்கள். அவருடைய விரலைத் தண்ணீரால் கழுவித் துடைத்தபின் குத்துங்கள். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு, அளவை ஏற்றிக் காட்டும். உண்மையில் 60 இருப்பவருக்கு 150 என்று காட்டினால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 70-க்குக் கீழே இருந்தால் இனிப்பு. சர்க்கரை இயல்பாக இருந்தும் கால் எழவில்லை, நெஞ்சு துடிப்புத் தவறுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே புறப்படுங்கள்.

வரும்போது மாத்திரை அட்டைகள் அனைத்தையும், நாட்டு மருந்தாயினும் விடாமல், ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கடைசியாக உண்டது எப்போது, இன்சுலின் போட்டது எப்போது, எத்தனை முறை வாந்தி அல்லது பேதி ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாந்தி, பேதி நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை உடல் நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதிவைப்பது நன்று. முதல் வகை நீரிழிவு உள்ளவர் உண்ணவில்லை என்பதற்காக இன்சுலினை முற்றிலும் நிறுத்தவே கூடாது. அளவை மாற்றுவது பற்றித் தொலைபேசியிலாவது கேளுங்கள்.

நீர் மாத்திரை புதிதாகத் தொடங்கியவர், இரண்டு வாரங்களுக்குள் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அறிக்கையில் பொட்டாசியம் எதிர்பாராமல் மிகுந்திருப்பதாக வந்து, இரத்தத்தை மீண்டும் எடுக்கவேண்டும் என்று ஆய்வகம் அழைத்தால் சலிப்படையாதீர்கள். எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றின் உள்ளேயிருந்த பொட்டாசியம் கலந்து அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். முதல் மாதிரியில் அவ்வாறு நேர்ந்ததா என்பது இரண்டாவது மாதிரியில் தெரிந்துவிடும்.